ஒரே மரக்கால்: கணினிகளின் வேகத்தை அளந்த வரலாறு

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே உள்ளது எழுவான்கரை. மேற்கே உள்ளது படுவான்கரை. ஞாயிறு எழுகின்ற கரை ஒன்று, படுகின்ற கரை மற்றொன்று. படுவான்கரை நெல் விளையும் நாடு. அங்கே அறுவடை முடிந்து களத்தில் நெல் குவிந்து கிடக்கும் காலத்தில், இரண்டு போடிமார் தத்தம் விளைச்சலை ஒப்பிட்டுப் பேசத் தொடங்குவாராயின், அருகில் நிற்கும் அறிவுடைய முதியவர் ஒருவர் "எத்தனை மரக்கால்?" என்று கேட்குமுன் "எந்த மரக்கால்?" என்று கேட்பார்.

ஏனெனில், தலைதட்டி அளந்த மரக்கால் வேறு. கோபுரமாகக் குவித்து அளந்த மரக்கால் வேறு. காய்ந்த நெல் வேறு, ஈரநெல் வேறு. 1971ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட நெற் சந்தைப்படுத்தும் சபை, நெல்லின் ஈரப்பதன் நூற்றுக்கு 14 என்னும் வரம்பைக் கொண்டு கொள்வனவு செய்து வந்தமைக்குக் காரணமும் இதுவே. நீரையும் நெல்லென்று நிறுத்து விலை கேட்டல் முறையாகாது. மழையோடு விளைந்த பெரும்போகத்தைக் குளத்து நீரை நம்பி விளைந்த சிறுபோகத்தோடு ஒப்பிட்டு, ஒருவனைத் திறமையுடையவன் என்றும் மற்றொருவனைச் சோம்பன் என்றும் கூறுதலும் முறையாகாது.

களத்து மேட்டில் எழுந்த இந்தப் பழைய வினா, இக்காலத்தில் கணினிகளைப் பற்றியும் எழுந்தது. வங்கிகளின் கணக்குகள், வைத்தியசாலைகளின் நோயாளர் பதிவுகள், காணிப் பதிவுகள், பிறப்பு இறப்புப் பதிவுகள் ஆகிய யாவும் இன்று தரவுத்தளங்களாகக் கணினிகளுள் இருக்கின்றன. பலர் ஒருங்கே கேட்கும் வினாக்களுக்கு விடையளிக்கும் பெருங்கணினியைச் சேவையகம் என்பர். அதன் மூளையெனத் தகும் உறுப்பு செயலி. இரண்டு நிறுவனங்கள் இரண்டு செயலிகளைக் காட்டி, "எமதே விரைவானது" என்று கூறும்போது, எதனை நம்பி மக்கள் பணத்தைச் செலவிடுவது? இவ்வினாவுக்கு நேர்மையான விடை காண உலகம் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் உழைத்தது. அந்த வரலாறு அறிதற்குரியது.

தொடக்க காலத்தில் கணினியின் விரைவை அளக்கும் முறை மிக எளிதாயிருந்தது. ஒரு கூட்டல் செய்ய எவ்வளவு நேரம், ஒரு பெருக்கல் செய்ய எவ்வளவு நேரம் என்று பார்த்தனர். ஆயின், கூட்டல் மட்டுமே செய்யும் கணக்குப்பிள்ளை எவரும் இலர். ஆதலின் 1959ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த கிப்சன் என்பார், உண்மையான வேலைகளில் எவ்வகைக் கட்டளை எத்தனை விழுக்காடு வருகின்றது என்று எண்ணி, அவ்விகிதப்படி கலந்து ஓர் அளவு வகுத்தார். அது கிப்சன் கலவை எனப்பட்டது. பின்னர், இங்கிலாந்தில் கேர்னோ, விச்மன் என்னும் இருவர் 1972ஆம் ஆண்டளவில் வெற்ஸ்ரோன் என்னும் சோதனை நிரலை உருவாக்கினர். வெற்ஸ்ரோன் என்பது ஓர் ஊரின் பெயர். ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குச் சாணைக்கல் என்றும் பொருள் உண்டு. தமிழில் இத்தகைய சோதனைக்குப் பொருத்தமான பெயர் உரைகல் என்பதாம். பொன்னின் மாற்றை உரைகல் காட்டுவது போலக் கணினியின் திறத்தை இந்நிரல் காட்டவேண்டும் என்பதே நோக்கம்.

1977ஆம் ஆண்டில் டிஜிற்றல் நிறுவனம் வாக்ஸ் 11/780 என்னும் கணினியை வெளியிட்டது. ஒரு செக்கனுக்குப் பத்து இலட்சம் கட்டளைகள் நிறைவேற்றும் பொறி என்று அதனை வழக்கில் கொண்டு, பிற கணினிகளை "அதனைப் போல் இரு மடங்கு, ஐந்து மடங்கு" என்று சொல்லத் தலைப்பட்டனர். ஆனால் ஒரு செயலியின் ஒரு கட்டளை செய்யும் வேலையை மற்றொரு செயலி மூன்று கட்டளைகளால் செய்யக்கூடும். பெரிய கூடை கொண்டு பத்து நடை நடப்பவனையும் சிறிய கூடை கொண்டு முப்பது நடை நடப்பவனையும் நடையின் எண்ணிக்கையால் மட்டும் மதிப்பிட்டால் பிந்தியவனே உழைப்பாளி எனத் தோன்றும். களத்திலிருந்து பட்டறைக்கு எவ்வளவு நெல் சேர்ந்தது என்று பார்த்தாலன்றி உண்மை விளங்காது.

1984ஆம் ஆண்டில் வைக்கர் என்பார் திரைஸ்ரோன் என்னும் மற்றொரு சிறு நிரலை வகுத்தார். அது சிறிதாயிருந்தமையால் பலரும் எளிதில் பயன்படுத்தினர். அச்சிறுமையே அதற்குக் குறையுமாயிற்று. நிரலைப் பொறிமொழிக்கு மாற்றும் மென்பொருளைத் திறம்பட அமைத்தோர், சோதனையில் உள்ள சில கணக்குகளின் விடை எங்கும் பயன்படாமையைக் கண்டறிந்து, அக்கணக்குகளைச் செய்யாமலே விட்டுவிட வழி செய்தனர். பரீட்சை வினாத்தாள் முன்னரே தெரிந்த மாணவன் பெறும் புள்ளியைக் கொண்டு அவன் கல்வியை மதிக்கலாகாது. இந்த உண்மை கணினி உலகிலும் விளங்கலாயிற்று.

தரவுத்தளத்தின் நிலை இவற்றினும் சிக்கலானது. கணக்கிடும் நேரத்தைவிடத் தேடும் நேரமும் எழுதும் நேரமும் காத்திருக்கும் நேரமும் அங்கே மிகுதி. இதனை விளக்க மட்டக்களப்பிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1924ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கல்லடிப் பாலம் ஒரு வாகனம் மட்டும் செல்லத்தக்க ஒடுங்கிய இரும்புப் பாலம். எத்துணை விரைந்த மோட்டார் வண்டியாயினும் எதிர்க்கரையிலிருந்து வரும் வண்டி கடக்கும்வரை காத்து நிற்கவேண்டியிருந்தது. 2013ஆம் ஆண்டில் அதன் அருகே அகன்ற புதிய பாலம் திறக்கப்பட்ட பின்னரே அத்தடை நீங்கிற்று. தரவுத்தளத்தில் வட்டும் வலையமைப்பும் அந்தப் பழைய பாலத்தைப் போன்றவை. செயலி மோட்டார் வண்டியைப் போன்றது.

ஒரு சிறு கணக்கால் இதனைத் தெளிவாக்கலாம். ஒரு வினாவுக்கு விடை தர ஒரு சேவையகம் 10 மில்லிசெக்கன் எடுக்கின்றது என்று கொள்வோர், அதில் 8 வட்டுக்காகக் காத்திருத்தலிலும் 2 செயலியின் உழைப்பிலும் கழிகின்றன என்றும் கொள்ளட்டும். இரு மடங்கு விரைவுடைய செயலியை விலை கொடுத்து வாங்கினால், 2 என்பது 1 ஆகும். மொத்தம் 9 ஆகும். இரு மடங்கு விரைவுக்குப் பணம் கொடுத்தவர் பெற்ற இலாபம் பத்தில் ஒரு பங்கே. வட்டை மாற்றியிருந்தால் அவர் பெற்றிருக்கக்கூடிய பயன் மிகப் பெரிது.

தரவுத்தளச் சோதனையின் பிறப்பு ஒரு வங்கியின் தேவையிலிருந்து நிகழ்ந்தது. 1973ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் பெரிய வங்கியொன்று, தன் 1,000 கிளைகளையும் 10,000 காசாளர்களையும் ஒரு கோடி கணக்குகளையும் கணினியோடு நேரடியாக இணைக்க விரும்பியது. நெருக்கடி வேளையில் செக்கனுக்கு 100 கொடுக்கல் வாங்கல்கள் நிறைவேறவேண்டும் என்பது அதன் எதிர்பார்ப்பு. இந்தத் தேவையே பிற்காலத்தில் பற்று வரவுச் சோதனை என்னும் உரைகல்லுக்கு அடிப்படையாயிற்று. 1983ஆம் ஆண்டில் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் பிற்றன், டெவிற், ரேபிஃபில் என்னும் மூவர் பல தரவுத்தள மென்பொருள்களை ஒரே வகை வினாக்களால் சோதித்து முடிவுகளை வெளியிட்டனர். அதன் விளைவாகச் சில நிறுவனங்கள், தம் அனுமதியின்றிச் சோதனை முடிவுகளை வெளியிடலாகாது என்னும் விதியை விற்பனை உரிமப் பத்திரத்தில் சேர்த்தன. அவ்விதி டெவிற் விதி என அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. அளக்கப்படுவோர் அளவுக்கு அஞ்சுதல் எக்காலத்தும் உள்ளதே.

1985ஆம் ஆண்டு ஏப்ரில் முதலாந் திகதி, டேற்றாமேசன் என்னும் சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளிவந்தது. எழுதியோர் பெயர் குறிக்கப்படவில்லை. பெயரிலியும் பிறரும் என்றே இருந்தது. அதனை முன்னின்று எழுதியவர், அக்காலத்தில் ரண்டம் நிறுவனத்தில் பணியாற்றிய யிம் கிரே என்னும் அறிஞர். பல நிறுவனங்களையும் பல்கலைக்கழகங்களையும் சேர்ந்தோர் அதில் பங்குகொண்டமையால், எவர் நலமும் முன்னிற்கலாகாதென்று பெயர்கள் மறைக்கப்பட்டன.

அக்கட்டுரை பற்று வரவுச் சோதனைக்கு மூன்று கட்டுப்பாடுகளை விதித்தது. முதலாவது, நூறு கொடுக்கல் வாங்கல்களில் 95 ஒரு செக்கனுக்குள் முடியவேண்டும். விரைவு என்னும் பெயரால் காசாளரையும் வாடிக்கையாளரையும் காக்க வைத்தல் ஆகாது. இரண்டாவது, செக்கனுக்கு எத்தனை கொடுக்கல் வாங்கல் எனப் பெருமை கூறப்படுகின்றதோ, அதற்கேற்பக் கணக்குகளின் தொகையும் பெருகவேண்டும். சிறிய தரவுத்தளத்தை வைத்துப் பெரிய எண்ணைக் காட்டலாகாது. மூன்றாவது, பொறியை வாங்கி ஐந்தாண்டுகள் பேணும் செலவையும் கணக்கிட்டு, ஒரு கொடுக்கல் வாங்கலுக்கு எத்தனை டொலர் என்று கூறவேண்டும். விரைவையும் விலையையும் ஒரே தராசில் வைத்ததே இக்கட்டுரையின் அருமை.

ஆயினும், விதி வகுத்தவுடனே விதியை வளைப்போரும் தோன்றினர். வலையமைப்பையும் காசாளர் தட்டெழுதும் நேரத்தையும் நீக்கி, கணினிக்குள்ளேயே கொடுக்கல் வாங்கல்களை உற்பத்தி செய்து, அதே சோதனையின் பெயரால் பெரிய எண்களை விளம்பரப்படுத்தினர். ஒருவர் மரக்காலில் மற்றவர் நம்பிக்கை கொள்ளாத நிலை உண்டாயிற்று. அந்நிலையில் ஓம்ரி சேர்லின் என்பாரின் முயற்சியால் 1988ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் எட்டு நிறுவனங்கள் ஒன்றுகூடி, கொடுக்கல் வாங்கல் செயற்றிறன் மன்றம் என்னும் அமைப்பை நிறுவின. செயலிகளைச் சோதிக்கும் ஸ்பெக் என்னும் அமைப்பும் அதே ஆண்டில் தோன்றிற்று. சந்தையில் ஒருவரோடொருவர் போட்டியிடுவோரே கூடி, அனைவர்க்கும் ஒரே முத்திரை மரக்கால் வேண்டும் என்று ஒப்புக்கொண்டமை குறிப்பிடத்தக்கது.

மன்றத்தின் முதற் சோதனை 1989ஆம் ஆண்டு நவெம்பரில் வெளிவந்தது. சோதனை செய்தோர் எந்தப் பொறி, எந்த மென்பொருள், எவ்வளவு நினைவகம், எத்தனை வட்டு, என்ன விலை என்னும் யாவற்றையும் முழுமையாக வெளிப்படுத்த வேண்டும் என்பது விதி. 1990ஆம் ஆண்டு யூலையில் வெளியான முதல் முடிவு செக்கனுக்கு 33 கொடுக்கல் வாங்கல்; ஒன்றுக்கு 25,500 டொலர். அச்சோதனையில் பதிவான மிக உயர்ந்த முடிவு செக்கனுக்கு 3,692. ஒன்றுக்கு 4,873 டொலர். சில ஆண்டுகளில் விரைவு நூறு மடங்குக்கு மேல் உயர்ந்தது. விலை ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிற்று. நேர்மையான அளவு வாங்குவோர்க்கு மட்டுமன்றி, செய்வோர்க்கும் தூண்டுகோலாயிற்று.

எனினும் சோதனைக்கும் சோதனை வந்தது. 1993ஆம் ஆண்டில் ஆரக்கிள் நிறுவனத்தின் மென்பொருளில் உள்ள ஒரு வசதி, இச்சோதனையில் எண்ணை உயர்த்துவதற்கென்றே சேர்க்கப்பட்டது என்று ஸ்ராண்டிஷ் குழு என்னும் ஆய்வு நிறுவனம் குற்றஞ்சாட்டியது. ஆரக்கிள் அதனை வன்மையாக மறுத்தது. இவ்வாதத்தின் பின், சோதனைக்கென்றே ஆக்கப்பட்டு உண்மையான வாடிக்கையாளர்க்குப் பயன்படாத எதனையும் பயன்படுத்தலாகாது என்று மன்றம் விதி செய்தது. ஸ்பெக் அமைப்பின் 1989ஆம் ஆண்டுச் சோதனைத் தொகுதியிலும் இவ்வாறான நிலை ஏற்பட்டது. பத்து நிரல்களுள் ஒன்றான அணிப் பெருக்கல் நிரலை, மொழிமாற்றும் மென்பொருளின் ஒரு நுட்பத்தால் மட்டும் பன்மடங்கு விரைவாக்க முடிந்தது. எனவே 1992ஆம் ஆண்டுத் தொகுதியில் அந்நிரல் விலக்கப்பட்டது. தேய்ந்த மரக்காலைக் களத்திலிருந்து அகற்றுதலும் அளப்போர் கடமையே.

1992ஆம் ஆண்டில் மன்றம் வெளியிட்ட மூன்றாவது சோதனை, மொத்த வணிக நிறுவனம் ஒன்றின் அன்றாட வேலையைப் பின்பற்றியது. புதிய கட்டளை பெறுதல், பணம் பெறுதல், பொருள் அனுப்புதல், கட்டளையின் நிலை அறிதல், இருப்பு அறிதல் என ஐவகை வேலைகள் கலந்து நிகழும். ஒவ்வொரு பண்டகசாலைக்கும் பத்து மாவட்டங்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் 3,000 வாடிக்கையாளர். ஒரு பண்டகசாலையிலிருந்து நிமிடத்துக்கு ஏறத்தாழ 13 புதிய கட்டளைகளுக்கு மேல் வர இடமில்லை. ஆதலின் பெரிய எண்ணைக் கூற விரும்புவோர் பெரிய தரவுத்தளத்தையே சுமந்து காட்டவேண்டும். 1992ஆம் ஆண்டில் முதல் முடிவு நிமிடத்துக்கு 54 ஆக இருந்தது. 1998ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அது 52,871 ஆக உயர்ந்தது.

செயலிகளின் வரலாற்றிலும் ஒரு பாடம் நிகழ்ந்தது. செயலியின் உள்ளே ஒரு கடிகாரத் துடிப்பு உண்டு. அத்துடிப்பின் வீதத்தையே விரைவென்று விளம்பரங்கள் நெடுங்காலம் கூறிவந்தன. 2000ஆம் ஆண்டு நவெம்பரில் இன்ரெல் நிறுவனம் பென்ரியம் 4 செயலியைச் செக்கனுக்கு 150 கோடி துடிப்பு வரையுள்ளதாக வெளியிட்டது. ஆயின் ஒவ்வொரு துடிப்பிலும் அது செய்த வேலை குறைவு. சில வேலைகளில் அதனிலும் தாழ்ந்த துடிப்புடைய முன்னைய செயலிகளை வெல்லவும் அதனால் இயலவில்லை. 2004ஆம் ஆண்டில் அந்நிறுவனம் துடிப்பை மேன்மேலும் உயர்த்தும் வழியைக் கைவிட்டு, ஒரே செயலிக்குள் பல கருக்களை அமைக்கும் வழிக்குத் திரும்பிற்று. துடுப்பை விரைந்து வலித்தல் வேறு, தோணி விரைந்து செல்லுதல் வேறு என்பதை வாவிக்கரையில் பிறந்த சிறுவனும் அறிவான்.

இந்த அனுபவங்கள் யாவும் சேர்ந்து சில நெறிகளைத் தந்தன. இரண்டு செயலிகளை ஒப்பிடுவோர் செயலியை மட்டும் மாற்றி, நினைவகம், வட்டு, இயக்க மென்பொருள், தரவுத்தள மென்பொருளின் பதிப்பு, அதன் அமைப்புகள் ஆகிய பிறவற்றை ஒன்றாக வைத்தல் வேண்டும். ஒரு சேவையகத்தின் நினைவகம் 32 கிகாபைற், மற்றதன் நினைவகம் 64 கிகாபைற், தரவு 50 கிகாபைற் எனின், பின்னது முழுத் தரவையும் நினைவகத்தில் ஏந்திக்கொள்ளும். முன்னது அடிக்கடி வட்டை நாடும். அவ்வெற்றி நினைவகத்தின் வெற்றி. அதனைச் செயலியின் பெயரால் எழுதுதல் தவறு.

கணினியை இயக்கியவுடன் அளத்தலும் ஆகாது. முதலில் தரவு வட்டிலிருந்து நினைவகத்துக்கு வந்து சேரும் வரை பொறுத்து, பின்னர் அளக்கவேண்டும். ஒரு முறை அளந்து நிறுத்தாது, பல முறை அளந்து, நடு அளவையும் அளவுகளின் வேறுபாட்டையும் சேர்த்துக் கூறவேண்டும். சராசரியை மட்டும் காட்டினால், நூற்றில் ஐவர் நெடுநேரம் காத்து நின்ற துன்பம் மறைந்துபோம். கருக்களின் எண்ணிக்கை, மின்சாரச் செலவு, கருவொன்றுக்கு இவ்வளவு என்று கேட்கப்படும் மென்பொருள் உரிமத்தின் விலை ஆகியவற்றையும் கணக்கிற் சேர்க்கவேண்டும். யாவற்றினும் மேலாக, சோதனை வேலை, அச்சேவையகம் நாளை செய்யப்போகும் வேலையை ஒத்திருத்தல் வேண்டும்.

இவையெல்லாம் வணிகர்க்கும் பொறியியலாளர்க்கும் உரியவை, பொதுமக்களுக்கு இவற்றால் ஆவதென்ன என்று ஒருவர் கேட்கலாம். அதற்கு விடை மட்டக்களப்பின் கடற்கரையிலேயே உண்டு. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை கிழக்குக் கரையைத் தாக்கியது. நாவலடி, கல்லடி முதலிய ஊர்கள் வாவிக்கும் கடலுக்கும் இடையே சிக்கி அழிந்தன. இலங்கை முழுவதிலும் 30,000க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். பாடசாலைகளும் கோயில்களும் முகாம்களாயின. தாய் பிள்ளையைத் தேடினாள். பிள்ளை தாயைத் தேடிற்று. எந்த முகாமில் எவர் உள்ளார், எங்கே உணவு இல்லை, எந்த நிறுவனம் எங்கே உதவுகின்றது என்று அறிய வழியின்றி நாடு தவித்தது.

அவ்வேளையில் இலங்கையின் மென்பொருள் வல்லுநர் பலர் ஊதியம் கருதாது ஒன்றுகூடி, சில வாரங்களுக்குள் சகானா என்னும் தரவுத்தள அமைப்பை உருவாக்கினர். சகானா என்னும் சிங்களச் சொல்லுக்கு ஆறுதல், நிவாரணம் என்பது பொருள். காணாமற் போனோர் பதிவு, முகாம்களின் பதிவு, உதவி நிறுவனங்களின் பதிவு, தேவைகளின் பதிவு ஆகியவை அதில் அடங்கின. எவரும் இலவசமாகப் பெற்றுத் திருத்திக்கொள்ளத்தக்க திறந்த மூல மென்பொருளாக அது அமைந்தது. 2005ஆம் ஆண்டில் பாகிஸ்தானில் நிலநடுக்கம் நிகழ்ந்தபோது அங்கும் அது பயன்பட்டது.

இத்தகைய தரவுத்தளத்தைத் தாங்கும் பொறியைத் தெரிவு செய்வோர், விளம்பரத் தாளில் உள்ள துடிப்பின் எண்ணைப் பார்த்து முடிவு செய்தல் தகுமா? ஒருவர் தனியே கேட்கும்போது இமைப்பொழுதில் விடை தரும் பொறி, ஆயிரவர் ஒருங்கே தம் உறவினர் பெயரைத் தேடும்போது திணறி நின்றுவிடக்கூடும். மின்சாரம் தட்டுப்பாடான இடத்தில் மிகுந்த மின்சாரம் உண்ணும் பொறி பாரமாகக்கூடும். எனவே பலர் ஒருங்கே கேட்கும் நிலையை முன்னரே உண்டாக்கிப் பார்த்து, நூற்றுக்கு 95 பேருக்கு எத்தனை செக்கனில் விடை கிடைக்கின்றது என்று அளந்து தெரிவு செய்தலே பொறுப்புடைய செயல். அங்கே அளவிற் பிழைத்தல் பணத்தோடு முடியாது. ஒரு தாயின் காத்திருப்பாகவும் அது முடியும்.

பற்று வரவுச் சோதனைக்கு நெறி வகுத்த யிம் கிரே, கணினித் துறையின் மிக உயர்ந்த விருதாகிய ரியூறிங் விருதை 1998ஆம் ஆண்டுக்கெனப் பெற்றார். 2007ஆம் ஆண்டு யனவரி 28ஆந் திகதி, தாயின் அஸ்தியைக் கடலிற் கரைக்கும் பொருட்டுச் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தனியே பாய்க்கப்பலில் சென்ற அவர் மீளவில்லை. உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் செய்மதிப் படங்களைப் பகுத்துப் பார்த்து அவரைத் தேடினர், காணக் கிடைத்திலர். ஆயினும் அவரும் அவரைச் சார்ந்தோரும் வகுத்த நெறி நிலைத்து நிற்கின்றது.

அந்நெறியின் சாரம், படுவான்கரைக் களத்தில் நிற்கும் முதியவரின் வினாவில் அடங்கிவிடுகின்றது. எண் எத்துணைப் பெரிதாயினும், அதனைக் கேட்டவுடன் வியத்தலும் ஆகாது, இகழ்தலும் ஆகாது. எந்த மரக்காலால் அளந்தது, எவர் அளந்தார், ஈரத்தோடு அளந்ததா, காய வைத்து அளந்ததா என்று கேட்டறிந்த பின்னரே விலை பேசவேண்டும். நெல்லுக்கும் அதுவே நீதி. கணினிக்கும் அதுவே நீதி.